குவாட்டர்பேக்குக்கு 25 கோடி டாலர்: எப்போது கொடுக்கலாம், எப்போது கூடாது

2024 செப்டம்பர் 8. பருவத்தின் முதல் ஆட்டத்துக்குச் சில மணி நேரமே இருந்தபோது, டாலஸ் கௌபாய்ஸ் கால்பந்து அணி தன் குவாட்டர்பேக் டாக் பிரெஸ்காட்டுக்கு நான்கு ஆண்டுகளில் 24 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. ஆண்டுக்கு 6 கோடி. மொத்தத்தில் 23.1 கோடி உத்தரவாதம். எட்டு ஆட்டங்கள் ஆடியதும் பின்தொடைத் தசையில் ஏற்பட்ட காயத்தால் அந்தப் பருவமே அவருக்கு முடிந்துபோனது. ஒரே ஆளுக்கு இவ்வளவு பெரிய தொகையை இத்தனை ஆண்டுகளுக்கு எழுதிக்கொடுக்கலாமா என்ற வாதம் அமெரிக்காவில் ஒவ்வொரு கோடையிலும் எழுகிறது. ஆட்ட நுணுக்கம் பெரிதாகத் தெரியாவிட்டாலும் இந்த வாதத்தைப் பின்தொடரலாம். சம்பளக் கணக்கு புரிந்தால் போதும்.

இங்கே கால்பந்து என்பது அமெரிக்கக் கால்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது. ஒரு பக்கத்துக்கு 11 பேர். தாக்கும் அணியின் ஏறக்குறைய ஒவ்வொரு நகர்விலும் பந்து முதலில் குவாட்டர்பேக்கின் கைக்குத்தான் வரும். எதிராளிகள் பாய்ந்து வரும் இரண்டு, மூன்று நொடிக்குள் யாருக்கு எறிவது, எறியாமல் விடுவதா என்று அவர் முடிவெடுக்க வேண்டும். வேறெந்த இடத்தில் ஆடுபவருக்கும் ஆட்டத்தின் மீது இவ்வளவு பிடி கிடையாது. அதனால்தான் சம்பளப் பட்டியலின் உச்சியில் குவாட்டர்பேக்குகளே வரிசையாக நிற்கிறார்கள்.

ஒரே பணப்பை, 53 பேர்

என்எஃப்எல் என்ற தேசிய லீக்கில் 32 அணிகள். 1994 முதல் அங்கே சம்பள உச்சவரம்பு உண்டு. முதல் ஆண்டு அது 3.46 கோடி டாலர். 2024-இல் 25.54 கோடி, 2025-இல் 27.92 கோடி. உரிமையாளர் எவ்வளவு பெரிய செல்வந்தராக இருந்தாலும் இந்தக் கணக்குக்குள்தான் 53 பேர் கொண்ட அணியை நடத்த வேண்டும்.

ஐபிஎல் ஏலம் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. 2025 பருவத்துக்கு ஒவ்வோர் அணிக்கும் 120 கோடி ரூபாய். அதில் 27 கோடியை லக்னோ அணி ரிஷப் பந்த் ஒருவருக்கே கொடுத்தது. அதாவது 22.5 சதவீதம். பிரெஸ்காட்டின் 6 கோடி டாலர், 2024 உச்சவரம்பில் சுமார் 23.5 சதவீதம். ஆனால் ஐபிஎல் அணியில் 25 பேர் வரைதான். இங்கே 53 பேர், அதிலும் தாக்குவதற்கு ஒரு 11 பேர், தடுப்பதற்கு வேறு 11 பேர். மீதமிருக்கும் பணத்தில் இரண்டு அணிகளைக் கட்டுவது போன்ற வேலை அது.

எனவே குவாட்டர்பேக்கின் சம்பளம் அதிகமா என்று தனியாகக் கேட்பதில் பொருளில்லை. அவருக்குக் கொடுத்த பிறகு இன்னொரு நல்ல தடுப்பாளரையோ, அவரைக் காக்கும் முன்வரிசை ஆளையோ இழக்க நேர்ந்தால், அந்த இழப்பை அவரால் ஈடுகட்ட முடியுமா? விவகாரம் முழுவதும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

ஒப்பந்தம் உள்ளே எப்படி வேலை செய்கிறது

செய்தியில் வரும் மொத்தத் தொகையை நம்பினால் ஏமாந்துபோவோம். ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். ஐந்து ஆண்டு, 25 கோடி டாலர். அதில் 6 கோடி சைனிங் போனஸ், கையெழுத்திட்டதும் தரும் முன்பணம். மீதி 19 கோடி சம்பளம்: முதல் ஆண்டு 20 லட்சம், இரண்டாம் ஆண்டு 2.8 கோடி, மூன்றாம் ஆண்டு 5 கோடி, கடைசி இரண்டு ஆண்டுகளும் 5.5 கோடி.

முன்பணம் 6 கோடியும் முதல் ஆண்டே ஆட்டக்காரர் கைக்குப் போய்விடும். உச்சவரம்புக் கணக்கிலோ அதை ஐந்து ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்து, ஆண்டுக்கு 1.2 கோடி என்று எழுதலாம். ஐந்து ஆண்டுக்கு மேல் பிரிக்க விதி இடம் தராது. ஆக, அணியின் கணக்கில் ஏறும் சுமை முதல் ஆண்டு வெறும் 1.4 கோடி, பிறகு 4 கோடி, 6.2 கோடி, 6.7 கோடி, 6.7 கோடி. கூட்டினால் அதே 25 கோடி. முதல் ஆண்டு 6.2 கோடி பணம் கைமாறியிருக்க, கணக்கில் 1.4 கோடி மட்டுமே தெரிகிறது. பெரிய ஒப்பந்தம் போட்ட அணிகள் அதே கோடையில் இன்னும் நான்கு பேரை வாங்குவதைப் பார்த்துப் பலர் குழம்புவது இதனால்தான்.

இனி சிக்கல். இரண்டு ஆண்டு ஆடிவிட்டு அவர் சோபிக்கவில்லை, அணி விடுவிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னும் கணக்கில் எழுதாத மூன்று ஆண்டு முன்பணம், 3.6 கோடி, மொத்தமாக வந்து ஏறும். ஆள் இல்லை, செலவு மட்டும் இருக்கிறது. இதை டெட் மணி என்பார்கள். ஆனாலும் 6.2 கோடிக்குப் பதில் 3.6 கோடி என்பதால் அணிக்கு அந்த ஆண்டு 2.6 கோடி மிச்சம். அதே மூன்றாம் ஆண்டின் 5 கோடி சம்பளமும் உத்தரவாதமாக எழுதப்பட்டிருந்தால்? 3.6-உம் 5-உம் சேர்ந்து 8.6 கோடி. வைத்துக்கொள்வதைவிட வெளியே அனுப்புவது 2.4 கோடி அதிகம் பிடிக்கும். ஜூன் 1-க்குப் பிறகு விடுவித்ததாகக் கணக்குக் காட்டினால் சுமையை இரண்டு ஆண்டுகளுக்குப் பிரிக்கலாம்; குறைக்க முடியாது.

சுமையைத் தள்ளிப்போடும் இன்னொரு வழியும் உண்டு. மூன்றாம் ஆண்டுச் சம்பளம் 5 கோடியில் 4.8 கோடியை மீண்டும் முன்பணமாக மாற்றி, மீதமிருக்கும் மூன்று ஆண்டுகளுக்கு 1.6 கோடி வீதம் பிரிக்கிறார்கள். அந்த ஆண்டின் சுமை 6.2-இலிருந்து 3 கோடியாக இறங்கும். அடுத்த இரண்டு ஆண்டுகளும் 6.7-இலிருந்து 8.3-ஆக ஏறும். நகையை மீட்டு மறுநாளே கூடுதல் தொகைக்கு அடகு வைப்பது போல. ஆட்டக்காரர் ஆடவே போகாத போலி ஆண்டுகளை ஒப்பந்தத்தின் வாலில் சேர்த்து, அவற்றின் மீதும் முன்பணத்தைப் பரப்புவது உண்டு. பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் இதில் கைதேர்ந்த அணி. ஜேலன் ஹர்ட்ஸின் ஒப்பந்தம் 25.5 கோடி டாலர். ஆனால் அவர்கள் 2025 பிப்ரவரியில் லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வென்ற பருவத்தில் அவர் பெயரில் ஏறிய சுமை 1.4 கோடிக்கும் குறைவு. பாக்கி பின்னால் நிற்கிறது. உச்சவரம்பு ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே போவதால் நாளைய ஒரு டாலர் இன்றைய ஒரு டாலரைவிட இலேசானது. அவர்களின் துணிச்சல் அந்தக் கணக்கில் நிற்கிறது. கொரோனாவால் 2021-இல் உச்சவரம்பு 19.82 கோடியிலிருந்து 18.25 கோடியாக இறங்கியபோது, இப்படித் தள்ளிவைத்த அணிகள் நன்றாகவே திணறின.

மலிவான நான்கு ஆண்டுகள்

இந்த வாதத்தின் மறுபக்கத்தை உருவாக்கியது 2011-இல் கையெழுத்தான தொழிலாளர் ஒப்பந்தம். அதற்கு முன் கல்லூரியிலிருந்து டிராஃப்ட் வழியாக, அதாவது அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் முறையில், வரும் புதியவர்களே கோடிகளை அள்ளினார்கள். 2010-இல் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்டு பெற்றது ஆறு ஆண்டுக்கு 7.8 கோடி, அதில் 5 கோடி உத்தரவாதம். அடுத்த ஆண்டு முதல் தேர்வு கேம் நியூட்டன். நான்கு ஆண்டுக்கு 2.2 கோடி. ஒரே ஆண்டு இடைவெளியில் வந்த மாற்றம் இது. இப்போது புதியவரின் சம்பளம் தேர்வு எண்ணைப் பொறுத்து முன்கூட்டியே தீர்மானமாகிவிடும். நான்கு ஆண்டு ஒப்பந்தம், முதல் சுற்றில் எடுத்தவரை மட்டும் ஐந்தாம் ஆண்டும் வைத்துக்கொள்ள அணிக்கு உரிமை.

இதன் உச்ச உதாரணம் பிராக் பர்டி. 2022 டிராஃப்டில் கடைசி ஆள், 262-ஆவது தேர்வு. 2023-இல் அவர் சம்பளம் 8.7 லட்சம் டாலர். அந்த மலிவுதான் சான் பிரான்சிஸ்கோ 49-அர்ஸ் அணிக்கு நிக் போசா போன்ற தடுப்பாளருக்கு ஐந்து ஆண்டுக்கு 17 கோடி தர இடம் கொடுத்தது. 2024 பிப்ரவரியில் அவர்கள் சூப்பர் பவுல் வரை போய்க் கூடுதல் நேரத்தில் தோற்றார்கள். 2025 மே மாதம் பர்டிக்கு 26.5 கோடி ஒப்பந்தம் கிடைத்தது. அதற்குள் டீபோ சாமுவேல் வாஷிங்டனுக்கும், சார்வேரியஸ் வார்டு இண்டியானாபொலிஸுக்கும், ஹுஃபாங்காவும் கிரீன்லாவும் டென்வருக்கும் போய்விட்டிருந்தார்கள். குவாட்டர்பேக்குக்குக் கொடுப்பதன் விலை என்ன என்று கேட்டால் அந்தப் பெயர்களைச் சொல்லலாம்.

அப்படியானால் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புதியவரை எடுத்து, பழையவரை அனுப்பிவிட்டால் என்ன? காகிதத்தில் அழகான திட்டம். 2021 டிராஃப்டைப் பாருங்கள். முதல் 15 தேர்வுகளில் ஐந்து குவாட்டர்பேக்குகள்: டிரெவர் லாரன்ஸ், சாக் வில்சன், டிரே லான்ஸ், ஜஸ்டின் ஃபீல்ட்ஸ், மேக் ஜோன்ஸ். 2024 ஏப்ரல் முடிவதற்குள் லாரன்ஸ் தவிர மற்ற நால்வரையும் எடுத்த அணிகளே வேறு அணிகளுக்குத் தள்ளிவிட்டன. உலகின் மிகக் கவனமான ஆள்தேடல் அமைப்பு, மூன்றே ஆண்டுகளில் ஐந்துக்கு ஒன்று என்ற கதியில் நின்றது. கையில் இருப்பவரை விட்டால் அடுத்தவர் கிடைப்பாரா என்ற பயத்துக்குக் காரணம் இதுதான். அந்தப் பயம் நியாயமானது என்றே நினைக்கிறோம். ஆனால் பயத்தில் போடும் ஒப்பந்தங்கள்தாம் மோசமாக முடிகின்றன.

ஆண்டுகள் பயமில்லை, உத்தரவாதம்தான் பயம்

நீண்ட கால ஒப்பந்தம் என்றாலே அணிக்கு ஆபத்து என்று தோன்றும். கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் பேட்ரிக் மஹோம்ஸ் 2020 ஜூலையில் போட்ட பத்தாண்டு நீட்டிப்பு இதைத் தலைகீழாக்கியது. மொத்தம் 45 கோடி, ஆண்டுக்குச் சராசரி 4.5 கோடி. அன்றைய உச்சவரம்பில் அது கிட்டத்தட்ட 22.7 சதவீதம். 2025 உச்சவரம்பில் அதே 4.5 கோடி 16 சதவீதம்தான். மூன்றே ஆண்டில் ஜோ பர்ரோ 5.5 கோடி வாங்கிவிட்டார். விலை ஏறும் சந்தையில் பழைய விலைக்குப் பத்தாண்டு எழுதிக்கொண்டது அணிக்கே இலாபம். இதை உணர்ந்துதான் 2023 செப்டம்பரில் கணக்கை மாற்றி, 2023 முதல் 2026 வரை அவருக்கு 21 கோடிக்குச் சற்று மேல் கிடைக்கும்படி செய்தார்கள். மற்ற முகவர்கள் இன்று நான்கு, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் போக விரும்பாததும் இதனால்தான். சீக்கிரம் சந்தைக்குத் திரும்பினால் அடுத்த விலையைப் பிடிக்கலாம்.

இலாபம் என்றாலும் வலி இல்லாமல் இல்லை. 2022 மார்ச்சில் சீஃப்ஸ் தங்கள் மிகவேகமான பந்துபிடிப்பாளர் டைரிக் ஹில்லை மயாமிக்கு அனுப்பி ஐந்து டிராஃப்ட் தேர்வுகளைப் பெற்றது. அந்தப் பருவத்தில் மஹோம்ஸின் சுமை உச்சவரம்பில் சுமார் 17 சதவீதம். அதுவரை சூப்பர் பவுல் வென்ற குவாட்டர்பேக்குகளில் அதிகச் சுமை 1994 பருவத்தில் ஸ்டீவ் யங்கின் 13.1 சதவீதம். பலர் அதை ஓர் இயற்கை விதி போலவே பேசிக்கொண்டிருந்தார்கள். மஹோம்ஸ் அந்த ஆண்டும் வென்றார், அடுத்த ஆண்டும் வென்றார்.

இனி எதிர்த் திசை. கிளீவ்லேண்ட் பிரௌன்ஸ் 1999-இல் லீக்குக்குத் திரும்பியதிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட குவாட்டர்பேக்குகளை முதல் ஆளாக ஆடவிட்டுப் பார்த்த அணி. 2022 மார்ச்சில் டெஷான் வாட்சனுக்காக மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளை ஹூஸ்டனுக்குக் கொடுத்து, ஐந்து ஆண்டுக்கு 23 கோடி தந்தது. அதில் ஒரு டாலர் பாக்கியில்லாமல் முழுவதும் உத்தரவாதம். லீக் விதித்த 11 ஆட்டத் தடை, தோள் காயம், 2024 அக்டோபரில் குதிகால் தசைநாண் அறுந்தது என்று போய், முதல் மூன்று பருவங்களில் அவர் ஆடியது 19 ஆட்டங்கள். ஆட்டம் சரியில்லாவிட்டால் விடுவிக்கும் வழியே ஒப்பந்தத்தில் இல்லை. செய்ய முடிந்தது மேலே சொன்ன அடகு வேலை மட்டும். அதனால் பின்னால் வரும் ஆண்டுகளின் சுமை மேலும் ஏறியது. தவறு தொகையில் இல்லை. அதே 23 கோடியை இரண்டாம் ஆண்டுக்குப் பின் வெளியேறும் வாசலோடு எழுதியிருந்தால் கதை வேறு.

வாசல் என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணம் குவாட்டர்பேக் டெரிக் கார். 2022-இல் ரெய்டர்ஸ் அவருக்கு மூன்று ஆண்டு, 12.15 கோடி நீட்டிப்பு கொடுத்தது. ஆனால் அடுத்த ஆண்டுகளின் 4 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகை, சூப்பர் பவுல் முடிந்த மூன்றாம் நாள் அவர் அணியில் இருந்தால்தான் முழுமையாக உறுதியாகும். காயம் பட்டால் மட்டும் முன்பே உறுதி. டிசம்பரில் அணி அவரை உட்காரவைத்தது. காயம் பட்டால் சிக்கல் அல்லவா? பிப்ரவரி 14-இல் விடுவித்தது. டெட் மணி 60 லட்சத்துக்கும் குறைவு. ஆட்டக்காரருக்கு இது கசப்பான அனுபவம்தான். அணியின் கணக்காளர் பக்கம் நின்று பார்த்தால் சுத்தமான வேலை.

டென்வருக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. ரஸ்ஸல் வில்சன் அந்த அணிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே, பழைய ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு ஆண்டு மீதமிருக்கும்போதே, 2022 செப்டம்பரில் 24.5 கோடி நீட்டிப்பை எழுதிக்கொடுத்தார்கள். இரண்டு பருவங்களில் அவரை விடுவித்தபோது வந்த டெட் மணி 8.5 கோடி: 2024-இல் 5.3, 2025-இல் 3.2. அவசரப்பட வேண்டிய தேவையே இருக்கவில்லை என்பதுதான் உறுத்துகிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே 2024-இல் டென்வர் 12-ஆவது தேர்வில் எடுத்த போ நிக்ஸ், நான்கு ஆண்டுக்கு மொத்தமே 1.86 கோடி பெறும் புதியவர், அணியைப் பத்து வெற்றிகளோடு பிளே-ஆஃப் சுற்றுக்குக் கொண்டுபோனார். 5.3 கோடியைக் குப்பையில் போட்டுவிட்டும் பிழைக்கலாம், கையில் மலிவான ஒருவர் இருந்தால்.

நடுத்தரக்காரர்கள்தான் பொறி

உச்சத்தில் இருக்கும் ஐந்தாறு பேருக்குக் கேட்டதைக் கொடுக்கலாம். மஹோம்ஸ், ஜோஷ் ஆலன், லமார் ஜாக்சன் போன்றவர்கள் சுற்றியிருப்பவர்களின் குறையை மறைத்துவிடுகிறார்கள். பொறி இருப்பது பத்தாவது முதல் இருபதாவது இடம் வரை. உச்சக்காரரின் விலையில் முக்கால் பங்கை இவர்களும் கேட்பார்கள். ஆனால் இவர்கள் வெல்ல நல்ல முன்வரிசையும் நல்ல பந்துபிடிப்பாளர்களும் வேண்டும், அவர்களை வாங்கும் பணமோ இவர்களுக்கே போய்விடும்.

நியூயார்க் ஜயண்ட்ஸ் 2023 மார்ச்சில் டேனியல் ஜோன்ஸுக்கு நான்கு ஆண்டு, 16 கோடி கொடுத்தது. ஒரே ஒரு நல்ல பருவத்தை நம்பி. அதே நாளில் ஓட்டக்காரர் சாக்வான் பார்க்லிக்குக் கிடைத்தது டேக் எனப்படும் ஓராண்டு ஒப்பந்தம் மட்டும். ஜோன்ஸுக்கு முழங்கால் தசைநார் அறுந்தது. 2024 நவம்பரில் அவரை விடுவித்தார்கள். பார்க்லி அதற்கு முன்பே மூன்று ஆண்டு, 3.775 கோடிக்கு ஈகிள்ஸ் அணிக்குப் போய், 2024 பருவத்தில் 2,005 யார்டு ஓடிக் கோப்பையும் வென்றுவிட்டார்.

இந்த நடுவரிசைக்குக் குறுகிய ஒப்பந்தமே மருந்து. பேக்கர் மேஃபீல்டை டாம்பா பே முதலில் 40 லட்சம் அடிப்படைக்கு ஓராண்டு எடுத்துப் பார்த்தது. நன்றாக ஆடிய பிறகே மூன்று ஆண்டு, 10 கோடி. சியாட்டில் 2025-இல் சாம் டார்னால்டுக்குக் கொடுத்ததும் மூன்று ஆண்டு, 10.05 கோடிதான், அவர் அதற்கு முந்தைய பருவத்தில் மினசோட்டாவுக்கு 14 வெற்றிகள் தேடித்தந்திருந்தும்கூட.

கொடுப்பதென்றால் சீக்கிரம்

டிராஃப்டில் வந்தவருக்கு மூன்றாம் பருவம் முடிந்ததும் நீட்டிப்புத் தரலாம். கொடுப்பது என்று முடிவெடுத்தால் அன்றே கொடுப்பது நல்லது. 2023-இல் ஏப்ரலில் ஹர்ட்ஸ் ஆண்டுக்கு 5.1 கோடி, அதே மாதம் ஜாக்சன் 5.2, ஜூலையில் ஜஸ்டின் ஹெர்பர்ட் 5.25, செப்டம்பரில் பர்ரோ 5.5. ஐந்து மாதத்தில் ஆண்டுக்கு 40 இலட்சம் ஏறிவிட்டது, யாரும் ஓர் ஆட்டம் ஆடாமலேயே.

தாமதத்தின் விலைக்கு டாலஸே சாட்சி. 2020-இல் பிரெஸ்காட்டுக்கு நீண்ட ஒப்பந்தம் தராமல் 3.14 கோடிக்கு ஃபிரான்சைஸ் டேக் போட்டார்கள். டேக் என்பது அந்த இடத்தில் ஆடும் உயர்சம்பளக்காரர்களின் கணக்கை ஒட்டிய ஓராண்டு ஒப்பந்தம். மறு ஆண்டும் போட்டால் 120 சதவீதம் தர வேண்டும். 2021-இல் 16 கோடிக்கு இறங்கிவந்தபோது, இனி டேக் போட முடியாது, வேறு அணிக்கு மாற்றவும் முடியாது என்ற நிபந்தனைகளை அவர் எழுதி வாங்கிக்கொண்டார். 2024-இல் பேரம் பேசும்போது டாலஸின் கையில் ஓர் ஆயுதமும் மிச்சமில்லை.

புதிய ஒப்பந்தம் ஒன்று அறிவிக்கப்பட்டால் மொத்தத் தொகையைத் தாண்டிப் பாருங்கள். கையெழுத்திடும்போதே முழு உத்தரவாதமான தொகை எவ்வளவு, காயத்துக்கு மட்டுமான உத்தரவாதம் எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டும். முகவர்கள் இரண்டையும் கூட்டித்தான் செய்திக்குக் கொடுப்பார்கள். முதல் மூன்று ஆண்டுகளில் உண்மையில் கைக்கு வரும் பணம் அடுத்தது. பிறகு அந்தத் தேதி. மார்ச் நடுவில் லீக் ஆண்டு பிறந்த மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ, அடுத்த ஆண்டின் சம்பளம் உறுதியாகிவிடும் என்று ஒரு வரி உள்ளே இருக்கும். டென்வரில் வில்சனின் 2025 சம்பளம் 3.7 கோடி அப்படி 2024 மார்ச்சிலேயே உறுதியாகிவிடும் நிலையில் இருந்தது. 2023-இன் கடைசி இரண்டு ஆட்டங்களில் அவரை உட்காரவைத்ததும், மார்ச் பிறந்ததுமே போகச் சொன்னதும் அந்த ஒரு வரியால்தான்.